அயலூரில் உணவு தேடல்



பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேரும்பொருட்டு ஆண்டுதோறும் பல்லாயிரம் இளைஞர்கள் சொந்த ஊரை விட்டுப் புறப்படுகின்றனர். பெட்டி, படுக்கை, சான்றிதழ்கள், கட்டணம், தங்கும் அறை ஆகிய எல்லாவற்றைப் பற்றியும் வீட்டில் பலநாள் ஆராய்ச்சி நடைபெறும். உறவினர் வந்து அறிவுரை கூறுவர். ஆனால், 'அவ்வூரில் எங்கே உண்பாய்? நல்ல இடத்தை எவ்வாறு அறிவாய்?' என்று கேட்பவர் மிகச் சிலரே. 'ஓட்டலுக்கா பஞ்சம்? ஏதேனும் ஒன்றில் சாப்பிட்டுக் கொள்வான்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அஃது அத்துணை எளிய செய்தியன்று. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டில் 200 நாள் நீங்கள் வெளியூரில் தங்குவதாகக் கொள்வோம். நாள் ஒன்றுக்கு மூன்று வேளை. பட்டப்படிப்போ மூன்று ஆண்டு. ஆக, 1,800 வேளை உணவை நீங்களே தேர்ந்து உண்ண வேண்டும். அதுகாறும் ஒரு வேளையேனும் அத்தகைய தேர்வைச் செய்து பழகாதவர்கள் நீங்கள். தாய் படைத்ததை உண்டீர்கள்; அவ்வளவே. கல்லூரியில் எழுதும் தேர்வுகளுக்குப் பாடநூல் உண்டு, ஆசிரியர் உண்டு. நாள்தோறும் மூன்று முறை நடைபெறும் இந்தத் தேர்வுக்குப் பாடமும் இல்லை, பயிற்சியும் இல்லை. அக்குறையைச் சிறிது தீர்க்கவே இன்று உங்களோடு பேச விழைகின்றேன்.

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. அவன் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் அவனே. ஒரு நகரின் புறத்தேயுள்ள கல்லூரியில் அவனுக்கு இடம் கிடைத்தது. அறைக்கு மிக அண்மையில் இருந்த கடையிலேயே மூன்று வேளையும் உண்டான். அண்மையில் இருந்தது என்பதன்றி அக்கடையைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் அவனுக்கு இல்லை. மூன்றாம் மாதத்தில் மஞ்சட்காமாலை கண்டது. தூய்மையற்ற நீரால் வந்த நோய் என்றார் மருத்துவர். ஆறு வாரம் வீட்டில் படுத்தான். வருகைப்பதிவு குறைந்தது; அப்பருவத் தேர்வை எழுத இயலவில்லை. மருத்துவச் செலவுக்காக வீட்டில் இருந்த இரு தறிகளுள் ஒன்றை விற்றார்கள். அவன் சோம்பேறியல்லன், பொறுப்பற்றவனும் அல்லன். அவனுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவே.

நோயைத் தவிர வேறோர் இடரும் உண்டு. கையிலுள்ள பணம் மாதக் கடைசி வரை போதவேண்டுமே என்னும் அச்சத்தால், காலை உணவை அறவே விட்டுவிட்டுத் தேநீரும் பன்னும் கொண்டு நாளைக் கழிக்கும் மாணவர்கள் பலர். பசித்த வயிற்றோடு வகுப்பில் அமர்ந்திருப்பவனுக்கு எந்தப் பேராசிரியரின் சொல்லும் செவியில் ஏறாது. முப்பது ஆண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் இதனை உறுதியாகச் சொல்வேன்.

இனி, நகர்ப்புறத்துப் புறநகர் எனப்படுவது எத்தகையது என்று பார்ப்போம். பழைய ஊர்களில் கோயிலைச் சுற்றி மாடவீதி இருக்கும். அதனை அடுத்துக் கடைவீதி இருக்கும். எந்தக் கடையில் காப்பி நன்று, எந்த மெஸ்ஸில் சாப்பாடு நன்று என்பதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புறநகரின் இயல்பு வேறு. அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் வேறு எங்கிருந்தோ வந்தவர்கள். அடுத்த வீட்டாரே ஊருக்குப் புதியவராயிருப்பர். சாலை நெடுகக் கடைகள் உண்டு. பெயர்ப்பலகைகள் ஒன்றையொன்று மிஞ்சி ஒளிவிடும். எது நல்லது என்று எப்படி அறிவது?

உங்களில் பலர் அறிந்திருக்கக்கூடிய தாம்பரத்தையே சான்றாகக் கொள்வோம். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் 1931-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நடுவிலிருந்து தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. அதற்கு முன்னரே, 1928-இல், காசநோயாளிகளுக்காகச் சானடோரியம் அமைந்தது. அப்பெயரே அப்பகுதிக்கும் இரயில் நிலையத்துக்கும் நிலைத்தது. 1984-இல் ஏற்றுமதித் தொழில் வளாகமும், 2005-இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அதே பகுதியில் எழுந்தன. சற்று வடக்கே குரோம்பேட்டையில் 1949 முதல் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம் இயங்குகின்றது. 2021-இல் தாம்பரம், பல்லாவரம் முதலிய நகராட்சிகளும் பேரூராட்சிகள் சிலவும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று.

இவ்வரலாற்றை ஏன் கூறினேன்? இதில் உணவு தேடுவோர்க்கு ஒரு வரைபடம் அடங்கியிருக்கின்றது. தாம்பரம் என்பது ஓர் ஊர் அன்று. பல சிற்றூர்கள் சேர்ந்த தொகுதி. இருப்புப்பாதை அதனைக் கிழக்கு, மேற்கு என இரு கூறாக்குகின்றது. மேற்கே சண்முகம் சாலைக் கடைவீதி; அங்கே மூட்டை சுமப்போரும் காய்கறி விற்போரும் விடியுமுன் பணி தொடங்குவர். கிழக்கே கல்லூரியும், வேளச்சேரிச் சாலையும், சேலையூர்க் குடியிருப்புகளும் உள்ளன. சானடோரியத்தில் மருத்துவமனைகளுக்கு வருவோரும், முறைமாற்றி வேலை செய்யும் தொழிலாளரும் மிகுதி. ஜி.எஸ்.டி. சாலை என்று வழங்கும் தென்னெடுஞ்சாலையில் நாளெல்லாம் வழிப்போக்கர் கூட்டம். புதிய ஊரில் அடியெடுத்து வைத்ததும் முதலில் இதனை ஆராயுங்கள்: இங்கே யார் யார் எவ்வெப்போது பசியோடு வருகின்றனர்? அவ்வினாவுக்கு விடை கிடைத்தால், எங்கே எத்தகைய உணவு கிடைக்கும் என்பதற்கும் விடை கிடைத்துவிடும்.

இங்கே ஓர் அடிப்படை உண்மையைச் சொல்லுகின்றேன். இன்றைய பேச்சில் வேறு எதனை மறந்தாலும் இதனை மறவாதீர்கள். உணவுக் கடைகள் இருவகைப்படும். ஒருமுறை மட்டும் வருவோரை நம்பி நடப்பது ஒரு வகை. நாளையும் வருவோரை நம்பி நடப்பது மற்றொரு வகை. நெடுந்தொலைவுப் பேருந்துக்குக் காத்திருப்பவர் கால்மணி நேரத்தில் உண்டுவிட்டுப் போய்விடுவார். சோறு கெட்டிருந்தாலும் சண்டையிட அவருக்கு நேரமில்லை. மறுநாள் அவர் வரப்போவதுமில்லை. அவர் போனால் வேறொருவர் வருவார். ஆனால், கடைவீதியில் மூட்டை சுமப்பவர் நாள்தோறும் அதே கடையில் உண்பவர். அவருக்கு ஒருநாள் வயிறு கெட்டால் அந்நாளைய கூலி போயிற்று. அடுத்த நாள் அவரும் வாரார்; அவருடைய தோழர் பதின்மரும் வாரார். அக்கடைக்காரர்க்குத் தம் உணவைத் தூய்மையாக வைத்துக்கொள்வது அறம் மட்டுமன்று, பிழைப்பும் ஆகும். ஆகவே, நாளையும் வருவோர் உண்ணும் இடத்தைத் தேடுங்கள்.

நிலையத்தருகே உள்ள கடைகள் எல்லாம் தீயவை என்று நான் கூறவில்லை. அங்கும் நாள்தோறும் இரயிலேறும் அலுவலர்கள் காலைச் சிற்றுண்டி உண்ணும் கடை ஒன்றிரண்டு இருக்கும். கூட்டத்தைக் காண்பதோடு நில்லாமல், அக்கூட்டத்தில் இருப்போர் யார் என்பதையும் காணவேண்டும். பரிமாறுபவர் கேட்காமலேயே ஒருவருக்குச் சட்னியை விலக்கிச் சாம்பாரை ஊற்றுகின்றாரா? உண்டவர் பணம் கொடுக்காமல் 'குறித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிப் போகின்றாரா? அப்படியாயின் அங்கே பழகிய முகங்கள் உண்டு என்று அறியலாம். செவிலியரும் கடைப்பணிப் பெண்களும் கல்லூரி மாணவியரும் தனியே வந்து அச்சமின்றி உண்டு செல்லும் இடமாயின் இன்னும் நன்று. அவ்விடத்தில் ஒழுங்கு இருக்கின்றது என்பதற்கு அதுவே சான்று.

அடுத்து, யாரைக் கேட்பது? தமிழர்க்கு இவ்வினா புதிதன்று. இதற்கென ஓர் இலக்கிய வகையையே படைத்தவர் நம் முன்னோர். அதுவே ஆற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படையில், பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையால் வாடி எதிரே வரும் மற்றொரு பாணனுக்குக் காஞ்சியிலிருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் வழியைக் கூறுகின்றான். இன்ன திசையில் போ என்று கூறுவதோடு அவன் அமையவில்லை. வழியில் ஆயர் குடியில் தினைச்சோறும் பாலும் கிடைக்கும், முல்லை நிலத்து உழவரிடம் வரகுச் சோறும் அவரைப் பருப்பும் கிடைக்கும், மருத நிலத்து மனைகளில் வெண்ணெற் சோறும் கோழிப் பொரியலும் கிடைக்கும் என்று ஊர் ஊராக, குடி குடியாக எடுத்துரைக்கின்றான். இன்று நாம் பேசும் தாம்பரமும் அந்தத் தொண்டை நாட்டு மண்ணிலேயே உள்ளது.

வழிகாட்டுவோர்க்கு இருக்க வேண்டிய மூன்று இயல்புகளை அப்பாணனிடம் காணலாம். அவ்வழியே தானே சென்று வந்தவன் அவன், இது முதலாவது. சொல்வதால் அவனுக்கு ஊதியம் ஏதுமில்லை, இது இரண்டாவது. 'நன்றாயிருக்கும்' என்று பொதுப்பட மொழியாமல், எங்கே, யாரிடம், என்ன கிடைக்கும் என்று விளங்கச் சொல்கின்றான், இது மூன்றாவது. உங்களுக்கு உணவிடம் காட்டுவோரிடமும் இம்மூன்றையும் எதிர்பாருங்கள்.

ஆட்டோ ஓட்டுநர், அஞ்சல்காரர், கல்லூரிக் காவலர், நூலகப் பணியாளர், மருந்துக் கடையில் வேலை செய்பவர் ஆகியோர் அவ்வூரிலேயே நாள்தோறும் வெளியில் உண்பவர்கள். அவர்களை மரியாதையோடு அணுகுங்கள். கேட்கும் வகையும் முக்கியம். 'இங்கே நல்ல ஓட்டல் எது?' என்று கேட்டால், உங்கள் உடையைப் பார்த்து, உங்களுக்குப் பிடிக்கும் என்று அவர் கருதும் பெரிய கடையைக் காட்டுவார். 'ஐயா, நீங்கள் மத்தியானம் எங்கே சாப்பிடுவீர்கள்?' என்று கேளுங்கள். உண்மையான விடை வரும். சந்து ஒன்றைக் காட்டி, 'அந்த மாவுமில்லைத் தாண்டினால் ஓர் அம்மா சமைத்துப் போடுகிறார். பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள்' என்பார். அந்தப் 'பன்னிரண்டரைக்குள்' என்னும் ஒரு சொல்லே அவர் அங்கு உண்டு பழகியவர் என்பதைக் காட்டிவிடும்.

இக்காலத்தில் கைப்பேசியிலேயே எல்லாக் கடைகளும் தோன்றுகின்றன. ஒவ்வொன்றுக்கும் இத்தனை விண்மீன் என்று மதிப்பும் இட்டிருக்கின்றனர். அக்கருவியை வெறுக்க வேண்டா. ஊரின் அமைப்பை அறியவும், எத்தனை மணி வரை கடை திறந்திருக்கும் என்பதைப் பார்க்கவும் அது பெரிதும் உதவும். ஆயினும், முற்கூறிய மூன்று இயல்புகளை அங்கும் பொருத்திப் பாருங்கள். எழுதியவர் உண்மையில் உண்டவர்தாமா? எழுதியதால் அவர்க்கு ஆதாயம் உண்டா? பொய் மதிப்புரைகள் பெருகியமையால், 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அவற்றைக் குறித்து ஐ.எஸ். 19000 என்னும் தரவிதியையே வெளியிட்டது. ஐந்து விண்மீனைக் காட்டிலும், 'காலை இட்லி நன்று. இரவில் மாவு புளித்துவிடும்' என்று விளங்க எழுதிய ஒரு வரியே பயன்மிக்கது. மேலும், சந்துக்குள் சமைத்துப் போடும் அம்மையாரின் வீடு பலநேரங்களில் அப்படத்தில் இடம் பெறுவதில்லை.

கேட்டறிந்த பின் கண்டறிதல் வேண்டும். கடையில் நுழைந்ததும் அமர்ந்துவிடாமல் நேரே கைகழுவும் இடத்துக்குச் செல்லுங்கள். இதனால் கையும் தூய்மையாகும். கடையின் உள்ளும் புலப்படும். பெரும்பாலான கடைகளில் அவ்விடத்திலிருந்து பார்த்தால் அடுப்படி தெரியும். தட்டும் குவளையும் ஓடும் நீரில் கழுவப்படுகின்றனவா, அல்லது கலங்கிய வாளிநீரில் தோய்த்தெடுக்கப்படுகின்றனவா? அங்கே சோப்பு இருக்கின்றதா? கழிவுநீர் எங்கே போகின்றது? சமைத்த பண்டம் மூடியிருக்கின்றதா? பணம் வாங்கிய கையே இட்லியையும் எடுக்கின்றதா? இத்தனையையும் அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். மனம் ஒப்பாவிடில் கை கழுவியதோடு வெளியே வந்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

தண்ணீரில் மிக எச்சரிக்கை வேண்டும். குடற்காய்ச்சல் எனப்படும் டைபாய்டும், மாணவர்களைப் பெரிதும் தாக்கும் ஒருவகை மஞ்சட்காமாலையும் அழுக்கு நீராலும் உணவாலும் பரவுபவை. கொதிக்க வைத்த நீரில் அக்கிருமிகள் அழிந்துவிடும். 'வெந்நீர் கிடைக்குமா?' என்று கேட்டுப் பழகுங்கள். பல கடைகளில் தருவார்கள். இல்லையேல் அறையிலிருந்து ஒரு பாட்டில் நீரைக் கொண்டு செல்லுங்கள். பனிக்கட்டி இட்ட சாறும், வெட்டித் திறந்து வைத்த பழத்துண்டுகளும் முன்பின் அறியாத இடத்தில் வேண்டா.

சூடு என்பது சுவைக்காக மட்டும் அன்று, காவலுக்காகவும் ஆகும். ஐந்து பாகைக்கும் அறுபது பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். சோற்றில் உள்ள ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் அழியாமல் நிலைத்து, வடித்த சோறு ஆறிக் கிடக்கும்போது முளைத்து நஞ்சை உண்டாக்கும். அதனை மீண்டும் சூடாக்கினாலும் அந்நஞ்சு நீங்காது. ஆதலின், ஆவி பறக்கும் வேளையில் சென்று உண்ணுங்கள். ஏழரை மணி இட்லியும் பன்னிரண்டரை மணிச் சோறும் நன்மையானவை. அதே கடையில் நான்கு மணிக்குக் கிடைக்கும் சோறு வேறு பொருள். தேங்காய்ச் சட்னி கோடைக்காலத்தில் நண்பகலுக்குள் கெடத் தொடங்கும். நாவில் வைக்குமுன் முகர்ந்து பாருங்கள்.

'தீர்ந்துவிட்டது' என்று கடைக்காரர் கூறினால் வருந்தாதீர்கள். அச்சொல் நம்பிக்கைக்கு உரியது. அன்றன்று சமைத்ததை அன்றன்றே விற்று முடிப்பவர் அவர். நாலைந்து பண்டங்களை மட்டும் செய்து, வேளை கடந்ததும் அடுப்பை அணைக்கும் கடை, நூறு பண்டங்களின் பட்டியலை நீட்டி எப்போது கேட்டாலும் எல்லாம் உண்டு என்னும் கடையைவிடப் பெரும்பாலும் நல்லதாகவே இருக்கும். நூறு பண்டத்துக்கும் உரியவை எங்கோ பலநாளாகக் காத்துக் கிடக்கின்றன என்பதை நீங்களே உய்த்துணரலாம்.

சட்டமும் உங்களுக்குத் துணை நிற்கின்றது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு, தரநிலைச் சட்டத்தின்படி, உணவு விற்போர் உரிமமோ பதிவுச் சான்றோ பெற்று, அதனைக் கடையில் கண்ணுக்குத் தெரியுமாறு வைத்தல் வேண்டும். அதில் 14 இலக்க எண் காணப்படும். மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெய்க்கு 2018 ஜூலை முதல் வரம்பு உண்டு. கருத்து நுரைத்துக் காரநெடி வீசும் எண்ணெயில் பொரித்த வடையை நாடாதீர்கள். செய்தித்தாளில் உணவைப் பொதிவதை 2018-இல் வந்த விதிகள் தடுக்கின்றன. அச்சுமை பஜ்ஜியில் ஒட்டிக்கொள்ளும். பச்சை முட்டை கொண்டு செய்யும் மயோனைசைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்ததையும் நினைவிற் கொள்ளுங்கள். எனினும் சான்றிதழ் சுவரில் இருப்பது. சாம்பார் உங்கள் இலையில் இருப்பது. ஒன்றைக் கண்டு மற்றொன்றை மறந்துவிடலாகாது.

மக்கள் வழக்கில் 'கையேந்தி பவன்' எனப்படும் தள்ளுவண்டிக் கடைகளைச் சிலர் இழிவாக எண்ணுவர். அவ்வெண்ணம் தவறு. அங்கே அடுப்பு உங்கள் கண்முன்னே எரிகின்றது. இட்லி உங்கள் கண்முன்னே வேகின்றது. மறைவான அடுப்படியைக் கொண்ட குளிர்சாதனக் கடையில் இல்லாத வெளிப்படைத் தன்மை அங்கு உண்டு. தண்ணீரையும் தட்டையும் மட்டும் கவனித்துக் கொண்டால், சிறு பொருளில் நல்ல உணவு பெறலாம்.

இனிப் பொருட்செலவைக் கருதுவோம். மெஸ்களில் மாதச் சீட்டு வாங்கினால் வேளைக்கு ஆகும் செலவு குறையும். ஆயினும் முதல் நாளிலேயே ஒரு மாதப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஆனால் ஒரு கடைக்கு ஒரு வேளை பதம் ஆகாது. காலை ஒருநாள், நண்பகல் ஒருநாள், இரவு ஒருநாள் என மூன்று வேளை உண்டு பாருங்கள். பின்னர்ப் பத்து நாள் சீட்டுக் கேளுங்கள். விடுமுறையில் ஊருக்குப் போனால் அந்நாள்களைக் கழிப்பார்களா என்றும் முன்னரே தெளிவுபடுத்திக் கொள்ளுங்கள். 2013-இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்களில் அந்நாளில் இட்லி ஒரு ரூபாய்க்கும், தயிர்சாதம் 3 ரூபாய்க்கும், சாம்பார் சாதம் 5 ரூபாய்க்கும் விற்கப்பட்டன. இத்தகைய குறைந்த விலை உணவகம் அண்மையில் உண்டா என்று கேட்டறிவதில் கூச்சம் வேண்டா. பணம் குறைந்த நாளில் பரோட்டாவும் தேநீரும் கொண்டு வயிற்றை அடைப்பதைவிட, அளவுச் சாப்பாடும் ஒரு குவளை மோரும், மாலையில் சுண்டலும், ஒரு வாழைப்பழமும் உடலுக்கு உறுதி தரும். உண்ணாமல் சேர்த்த பணம் பெரும்பாலும் மருந்துக் கடைக்கே போய்ச் சேரும்.

நல்ல உணவிடத்துக்கு இன்னும் ஓர் இலக்கணம் உண்டு. அதனைச் சொல்லாமல் விட்டால் என் பேச்சு நிறைவு பெறாது. அங்கே எல்லோர்க்கும் ஒரே இலை, ஒரே குவளை, ஒரே வரிசை இருத்தல் வேண்டும். இந்நாட்டில் சாதி பார்த்து இடம் ஒதுக்கிய உணவு விடுதிகள் இருந்தன. தனிக்குவளை வைத்த தேநீர்க் கடைகளும் இருந்தன. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, சாதி, மதம், இனம், பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காட்டி யாரையும் கடைகளிலும் பொது உணவகங்களிலும் தடுக்கக்கூடாது என்று விதித்தது. தீண்டாமையைக் குற்றமாக்கித் தண்டிக்கும் சட்டம் 1955-இல் வந்தது. அழுக்குச் சட்டையோடு வரும் தொழிலாளியை ஓரத்தில் நிற்கவைத்து, உங்களுக்கு மட்டும் நாற்காலி தரும் கடையில் நெய் மணந்தாலும் அவ்வுணவு நல்லுணவு ஆகாது. வடமாநிலத்திலிருந்து வந்து கட்டட வேலை செய்பவரைப் 'போ, வா' என்று விரட்டிப் பேசும் இடமும் அத்தகையதே. கண் தூய்மையைத் தேடுவதுபோல், நெஞ்சு இதனையும் தேடவேண்டும்.

உங்களுக்கும் கடமைகள் உண்டு. பரிமாறுபவர் பலநேரங்களில் உங்கள் வயதினரே. வறுமையால் படிப்பை விட்டு வந்தவராகவும் இருக்கலாம். அவர் பெயரைக் கேட்டு அறிந்து, பெயர் சொல்லி அழையுங்கள். வேண்டுமளவு வாங்கி, வாங்கியதை உண்ணுங்கள். கூட்டம் காத்திருக்கும்போது உண்ட இடத்தில் அமர்ந்து கதை பேசாதீர்கள். உணவில் குறை கண்டால் முதலில் உரிமையாளரைத் தனியே அழைத்து அமைதியாகச் சொல்லுங்கள். நல்லவராயின் நன்றி கூறித் திருத்திக் கொள்வார். ஒருநாள் உப்பு மிகுந்தது என்பதற்காக ஊரெல்லாம் தூற்றினால் ஒரு குடும்பத்தின் பிழைப்பில் மண் விழும். ஆனால் கெட்ட உணவால் நோய் வந்தாலோ, சொல்லியும் அழுக்கு நீங்காவிட்டாலோ, பொறுத்துக் கொள்வது பெருந்தன்மை ஆகாது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர்க்குத் தெரிவியுங்கள். நீங்கள் வாய் மூடியிருந்தால் அடுத்து நோயுறுபவன் உங்கள் வகுப்புத் தோழனாக இருப்பான்.

இவ்வாறு ஒரு திங்கள் நடந்தும், கேட்டும், கண்டும் தேடினீர்களாயின், நல்ல உணவிடங்கள் நாலைந்து உங்களுக்குப் புலப்பட்டுவிடும். அதோடு வேறொன்றும் நிகழ்ந்திருக்கும். எந்தத் தெரு எங்கே முடிகின்றது, எந்நேரத்தில் யார் வேலைக்குப் போகின்றார், எவருக்கு எவ்வளவு கூலி என்பனவெல்லாம் தெரிந்திருக்கும். பார்த்துப் புன்னகை புரிவோர் சிலர் கிடைத்திருப்பர். ஒருநாள் நீங்கள் வாராவிட்டால் 'தம்பிக்கு உடம்பு சரியில்லையோ?' என்று கேட்க ஒரு மெஸ்கார அம்மா இருப்பார். அப்போது அவ்வூர் உங்களுக்கு அயலூர் அன்று.

அப்படி அறிந்ததை நெஞ்சில் பூட்டி வைக்காதீர்கள். அடுத்த ஆண்டு, கையில் பெட்டியும் கண்ணில் மருட்சியுமாக ஒரு சிறுவனோ சிறுமியோ அதே நிலையத்தில் வந்து இறங்குவர். ஒரு தாளில் நாலு கடைகளை எழுதுங்கள். எந்த வேளையில் எது நன்று, தண்ணீர் எப்படி, மாதச் சீட்டு எவ்வளவு என்று விளங்கக் குறியுங்கள். அவர்களிடம் கொடுங்கள். அந்த ஒரு தாளால் ஒரு வீட்டின் தறி விற்கப்படாமல் இருக்கக்கூடும்.